பெருந்தொற்று வந்தால் ஊருக்குப் போவதா, கோலாலம்பூரிலேயே இருப்பதா?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருக்கிறேன். ஆளுக்கோர் அறை, குளியலறை பொது. எங்கேயாவது புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே அப்பா, "டிக்கெட் போடு, கிளம்பி வா" என்கிறார். 2020-இல் இங்கே படித்த சீனியர்களில் சிலர் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாமல் தவித்தார்களாம், சிலர் இங்கேயே மாட்டிக்கொண்டார்களாம். என் மாணவர் பாஸ் (படிப்புக்காகத் தங்கும் அனுமதி) நவம்பரில் முடிகிறது. மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் போவதா, இருப்பதா? இருந்தால் எதையெல்லாம் தயார் செய்துகொள்ள வேண்டும்? வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் அப்பாவின் பதற்றம் நியாயமானது. பிள்ளை கண்ணெதிரே இருந்தால் போதும் என்றுதான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். ஆனால் இந்த முடிவைப் பதற்றத்தில் எடுக்கக் கூடாது. ஊருக்குப் போக ஒரு டிக்கெட் போதும். திரும்பி வருவதற்கு இரண்டு அரசாங்கங்களின் அனுமதி வேண்டும்.

2020-இல் நடந்ததை அப்பாவுக்குத் தேதியோடு எடுத்துச் சொல்லுங்கள். மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்தே வெளிநாட்டவர் உள்ளே வரத் தடை. அதே வாரம் இந்தியா தன் வழக்கமான அனைத்துலக விமானச் சேவைகளை நிறுத்தியது. அவை முழுமையாகத் திரும்ப 2022 மார்ச் 27 ஆகிவிட்டது. இடையில் ஊர் போக நினைத்தவர்களுக்கு, 2020 மே 7 முதல் இந்திய அரசு இயக்கிய வந்தே பாரத் சிறப்பு விமானங்கள் கிடைத்தன. தூதரகத்தில் பெயர் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்து, டிக்கெட் காசையும் கொடுத்துத்தான் போனார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பும் நேரத்தில், 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியாவிலிருந்து வரும் நீண்டகால பாஸ் வைத்திருப்போரை மலேசியா தடுத்தது. மாணவர்களும் அதில் அடக்கம். 2021 ஏப்ரல் இறுதியில் மீண்டும் ஒரு தடை. அனுமதி கிடைத்து வந்தவர்களுக்கும் கட்டாயத் தனிமைப்படுத்தல் இருந்தது. 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து 14 நாளுக்கு வெளிநாட்டவர் கட்ட வேண்டிய தொகை 4,700 ரிங்கிட். பலருக்கு அது ஓர் ஆறு மாத அறை வாடகை.

ஆகவே முதல் வாரத்திலேயே நான்கு விஷயங்களைப் பாருங்கள். உங்கள் பாடப்பிரிவை இணையத்தில் முடிக்க முடியுமா? 2020 மே 27 அன்று, அந்த ஆண்டு முடியும்வரை பல்கலைக்கழக வகுப்புகள் இணையத்தில்தான் என்று உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. ஆய்வுக்கூடம், மருத்துவமனைப் பயிற்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அடுத்து, பாஸ் முடிய எத்தனை மாதம் இருக்கிறது? ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்து, நீங்கள் வெளியே இருக்கும்போது அது காலாவதியானால், புதிதாக விண்ணப்பிக்கும் நிலை வரும். மூன்றாவது, மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா? நான்காவதுதான் முக்கியம்: உங்களுக்கு ஆஸ்துமா, நீரிழிவு, மனச்சோர்வு என்று தொடர்ந்து பார்க்க வேண்டிய உடல்நிலை ஏதாவது உண்டா? அது இருந்து, இங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால், எல்லை திறந்திருக்கும்போதே போய்விடுங்கள், படிப்பு தள்ளிப்போனாலும் பரவாயில்லை. அப்படி எதுவும் இல்லாத, பாடம் நடுவில் இருக்கிற மாணவர் இங்கேயே இருப்பதுதான் பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து. விமான நிலையத்தில் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில் நோய் தொற்றி, அதை வீட்டிலிருக்கும் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆபத்தும் உண்டு.

இருப்பது என்று முடிவெடுத்தால், எல்லாவற்றுக்கும் அடிப்படை உங்கள் மாணவர் பாஸ்தான். புதுப்பிக்கும் விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் பிரிவு வழியாக, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் (EMGS) நிறுவனத்துக்கும், அங்கிருந்து குடிநுழைவுத் துறைக்கும் போகிறது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கொடுக்க வேண்டும். நவம்பரில் முடிகிற உங்களுக்கு அது ஆகஸ்ட். வருகைப்பதிவு 80 விழுக்காடும் தரப்புள்ளி 2.0-வும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இணைய வகுப்பிலும் வருகைப்பதிவு உண்டு. கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியவர்கள் புதுப்பிக்கும்போதுதான் அதன் விலையைத் தெரிந்துகொள்கிறார்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முடிய 18 மாதத்துக்குக் குறைவாக இருந்தால், முதலில் மோண்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் நடைமுறைப்படி அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பாஸ் வேலை நகராது.

பணமுடை வந்தவுடன் "ஒரு பருவம் தள்ளிப்போடலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முழுநேர மாணவராகப் பதிவில் இருப்பதால்தான் உங்களுக்கு பாஸ். பதிவு நின்றால் பாஸும் ரத்தாகலாம், அதுவும் விமானமே இல்லாத நேரத்தில். தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள், கட்டணத் தேதியைத் தள்ளக் கேளுங்கள். அதை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். வெளிநாட்டு மாணவருக்கு ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், குடிநுழைவுத் துறையின் அனுமதியோடு, வாரம் 20 மணி நேரம் வரை, உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு சந்தை, ஹோட்டல் போன்ற இடங்களில்தான் வேலை. அங்கும் கல்லாவில் உட்காரக் கூடாது. நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி ஓட்டுவது பாஸையே பறித்துவிடும்.

பாஸ் கையில் இருந்தால் மட்டும் போதாது, காட்டவும் முடிய வேண்டும். 2020 ஏப்ரல் 7 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலுள்ள சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களைக் கடும் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்து, முள்கம்பி வேலி போட்டு அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். மே 1 அன்று அந்த வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி, ஆவணமில்லாதவர்களைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட நேரத்தில், "பாஸ்போர்ட் யூனிவர்சிட்டியில் இருக்கிறது சார்" என்று வாயால் சொன்னால் எடுபடாது. புதுப்பிக்கக் கடப்பிதழைக் கொடுக்க நேர்ந்தால் அன்றே, அது தங்களிடம் இருப்பதாகப் பல்கலைக்கழகத்திடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். கடப்பிதழின் முதல் பக்கம், பாஸ், ஐ-காட் (வெளிநாட்டவர் அடையாள அட்டை) இருந்தால் அது, காப்பீட்டு அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலைக் காகிதத்தில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று, ஊரில் அப்பாவிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சின் 'மதத்' (MADAD) என்ற இணையத்தளத்தில் மாணவராகப் பதிந்துகொள்வதும் அவசியம். சிறப்பு விமானமோ உதவியோ வரும்போது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தூதரகத்துக்குத் தெரிந்தால்தான் கணக்கில் வருவீர்கள்.

இனி நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

கோலாலம்பூரில் காய்ச்சல் என்றாலே எல்லோரும் புது நோயை மட்டும் நினைக்கக் கூடாது. இங்கே டெங்கி ஆண்டு முழுவதும் உண்டு. ஊரடங்கில் கிளினிக் போகப் பயந்து அறைக்குள்ளேயே கிடப்பவருக்கு டெங்கியாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதனால் எது என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். டெங்கியாக இருந்தால் அவை ரத்தக் கசிவைக் கூட்டும். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால், பெரியவருக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைவான எடை என்றால் இன்னும் குறைவு, மருந்தாளரிடம் கேளுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பனடோல் (இதுவும் பாராசிட்டமால்தான்) இரண்டு போட்டுவிட்டு, மூக்கடைப்புக்கு என்று சளி மாத்திரையும் போடுவார்கள். பல சளி மாத்திரைகளுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் கிளினிக்கில் டெங்கிக்கு என்எஸ்1 (NS1) என்ற ரத்தச் சோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். டெங்கியில் மிக ஆபத்தான கட்டம், காய்ச்சல் இறங்கும் நேரம். "சரியாகிவிட்டது" என்று நினைக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தாங்க முடியாத சோர்வு என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

மூச்சுத் தொற்றாக இருந்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வேண்டும். வீட்டுக்கு ஒன்று போதும், நால்வரும் பங்கு போட்டு வாங்கலாம். பார்க்கிற விதம் முக்கியம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்து, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரே இடத்தில் நிலைக்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று முறை. 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டில் இருக்கலாம். 94-க்கு இறங்கினால் மருத்துவரை அழையுங்கள். 90-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ போனால் மலேசியாவின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஒற்றை எண்ணை நம்பிவிடாமல், நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பாருங்கள். நேற்று 98, இன்று 95 என்றால் அதுவே எச்சரிக்கைதான். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு அழுத்துகிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் என்றால் எண் எதுவாக இருந்தாலும் 999. கோவிட்-19-இல் பலருக்கு நிலைமை மோசமானது இரண்டாம் வாரம் தொடங்கும்போது. ஐந்தாம் நாள் தெளிவாக இருந்தார் என்று கவனிப்பதை விட்டுவிடாதீர்கள்.

அறையைப் பொறுத்தவரை, நோயாளியின் அறையில் ஏர்கானை நிறுத்துங்கள். நம் வீடுகளில் இருக்கும் சுவர் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக் காற்றையே குளிராக்கித் திருப்பித் தள்ளுகிறது. ஜன்னலைத் திறந்து, மேசை விசிறி ஒன்றை ஜன்னலைப் பார்த்து, அதாவது காற்று வெளியே போகும்படி வையுங்கள். கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிடுங்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு அவர் எடுத்துக்கொள்ளட்டும். பொதுக் குளியலறையை மற்றவர்கள் முதலில் பயன்படுத்தட்டும், நோயாளி கடைசியில். அவர் வெளியே வந்த பிறகு காற்றுப்போக்கி ஓடிக்கொண்டிருக்க, கதவை மூடி அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே போக வேண்டியவர் கேஎன்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். துணிக் கவசம் இதற்குப் போதாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மறந்துவிடுகிற ஒன்று, தரையிலுள்ள வடிகால் ஓட்டை. அதன் கீழே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் மற்ற மாடிகளின் கழிவுக்குழாய்க் காற்று உள்ளே வராமல் தடுக்கிறது. பயன்படுத்தாத வடிகாலில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிடும். 2003-இல் சார்ஸ் நோய் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்குப் பரவியதற்குக் காய்ந்துபோன வடிகால்களும் காரணம் என்று விசாரணையில் கண்டார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு சிறு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

நோயாளி குடிக்கிறாரா, சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் நீர்ச்சத்து வற்றுகிறது. ஃபார்மசியில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடக் கூடாது. உப்பு மிஞ்சினால் நன்மையைவிடக் கெடுதல்.

மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் காப்பீட்டு விதிகளைப் படிக்க முடியாது. இன்றே பல்கலைக்கழகத்திடம் நான்கு கேள்வி கேளுங்கள்: பெருந்தொற்று நோய்க்கு இந்தக் காப்பீடு பணம் தருமா, அல்லது விலக்கு என்று போட்டிருக்கிறதா? ஆண்டு உச்ச வரம்பு எவ்வளவு? பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் எந்தக் கிளினிக், எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது? இரவில் சேர்க்க வேண்டுமானால், செலவைத் தாங்கள் ஏற்பதாகக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உத்தரவாதக் கடிதத்துக்கு எந்த எண்ணை அழைப்பது? அரசாங்க மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், முன்பணமும் கேட்பார்கள். மலேசியர் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்த்துவிட்டு வருவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு, இரண்டு வாரம் வெளியே போகாமல் ஓட்டும் அளவு எப்போதும் இருக்கட்டும். ஒருவருக்கு அரிசி நாலு கிலோ, பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், வெங்காயம், முட்டை அல்லது கொண்டைக்கடலை, ஓட்ஸ், பால் மாவு. அதைத் தாண்டிச் சேர்த்தால் புழுதான் பிடிக்கும். முதல் ஆணையின்போது வீட்டுக்கு ஒருவர்தான், 10 கிலோமீட்டருக்குள்தான் கடைக்குப் போகலாம் என்று விதி இருந்தது. நால்வரில் யார் போவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தில், அப்பா அனுப்பினால் உடனே வந்துவிடும் என்று இருக்காதீர்கள். ஊரில் வங்கி அரைநேரம் இயங்கும்போது படிவம், பான் எண், கையெழுத்து என்று நாட்கள் ஓடிவிடும். இணைய வழியாக அனுப்பும் வசதியை இப்போதே அவருக்கு ஏற்பாடு செய்து, ஒருமுறை சிறு தொகை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். இங்கே உள்ளூர் வங்கிக் கணக்கில் இரண்டு மாத வாடகையும் சாப்பாட்டுக் காசும் தொடாமல் இருக்கட்டும். இப்படிப்பட்ட காலத்தில் மோசடிக்காரர்களும் பெருகுவார்கள். "சுகாதார அமைச்சிலிருந்து பேசுகிறோம், நீங்கள் தனிமைப்படுத்தலை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

ஒருவேளை ஊருக்கே போய்விட்டால், இணையத் தேர்வில் நேரத்தைப் பாருங்கள். மலேசிய நேரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே காலை 9 மணித் தேர்வு அங்கே காலை 6.30. மின்சாரம் போனால் கைப்பேசி இணைப்பில் தொடர ஏற்பாடு வையுங்கள். தடங்கல் வந்த அதே நிமிடம் திரையைப் படமெடுத்து விரிவுரையாளருக்கு அனுப்புங்கள். மறுநாள் சொன்னால் காரணம் எடுபடுவது கடினம்.

தனிமையை லேசாக எண்ணாதீர்கள். அறைக்குள் வாரக்கணக்கில் அடைந்திருக்கும்போது முதலில் கெடுவது தூக்கம். பிறகு சாப்பாடு, அதன் பிறகு அம்மாவிடம் பேசக்கூடப் பிடிக்காது. அறைத் தோழர் அந்த நிலைக்குப் போனால் அவரிடம் நேராகவே கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மாறாகப் பேச வழி கிடைக்கும். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்டு ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை மலேசியா 2023-இல் நீக்கிவிட்டது.

இன்னும் ஒன்று, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே வரும் சிக்கல். தடுப்பூசிச் சான்றிதழில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆதாரில் "எஸ். கார்த்திக்", கடப்பிதழில் "கார்த்திக் சுப்பிரமணியன்", இங்கே தடுப்பூசி மையத்தில் "சுப்பிரமணியன் கார்த்திக்" என்று மூன்று விதமாக ஏறிவிடும். விமான நிறுவனக் கவுண்டரில் மூன்றும் மூன்று ஆட்கள். ஊசி எங்கே போட்டாலும் கடப்பிதழ் எண்ணையும் அதிலுள்ளபடியே பெயரையும் கொடுங்கள். ஊசியின் பெயர், தொகுப்பு எண், தேதி எல்லாம் அட்டையில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் கேட்டால், அதே வாரம் கேட்கும் ஆயிரம் பேரோடு வரிசையில் நிற்பீர்கள்.